இரண்டு அக்டோபர் 30

ஹைதராபாத்தில் உஸ்மானியா என்றால் நமக்குப் பல்கலைக்கழகம்தான். யாழ்ப்பாணத்திலும் அந்தப் பெயரில் முஸ்லிம் பிள்ளைகள் படித்த ஒரு கல்லூரி உண்டு. 1990 அக்டோபர் 30 அன்று அதன் மைதானத்துக்குத்தான் புலிகள் முஸ்லிம்களை வரச்சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. நகை, பணம் பறிபோய், கையில் மிஞ்சியது சில நூறு ரூபாய். அந்த மாதம் வடக்கு முழுவதிலும் விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 அக்டோபர் 30. ராணுவம் நெருங்கியதும் அதே புலிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பு. இந்த முறை தமிழர்கள். மழையில், இரவோடு இரவாக, லட்சக்கணக்கானோர் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள்.

இரண்டு கூட்டத்திலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவர்கள் இழந்த வீடு, கடை, நகைக்கு வங்கிக்காரனான என்னால் ஒரு மதிப்புப் போடமுடியும். பிள்ளைகள் இழந்த வகுப்புக்கும் பரீட்சைக்கும் பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கும் எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? 2009-க்குப் பிறகு முஸ்லிம்கள் திரும்பத் தொடங்கியபோது, அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்திருந்தன. அவர்களுக்கு ஊர் என்றால் புத்தளம்.

நாம் பிழைக்க வந்தவர்கள். தீபாவளிக்கு டிக்கெட் கிடைத்தால் ஊருக்குப் போய்விடலாம். வீட்டில் பிள்ளைகளுக்கு ஈழத்துக் கதை சொல்லும்போது, இரண்டு அக்டோபரையும் சேர்த்தே சொல்லுங்கள்.