மஞ்சளின் வயது

அமெரிக்காவின் மின்னஸோட்டா மாநிலத்தில், வடக்கே, ஐட்டாஸ்கா என்ற ஏரியைச் சுற்றி ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. 1891-ல் ஏற்பட்டது. பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல். மிஸிஸிப்பி இந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது என்பது மற்ற மாதங்களின் விசேஷம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதலிலும் ஜனங்கள் இலை பார்க்கப் போகிறார்கள். மேப்பிள் சிவக்கிறது, ஆஸ்பென்னும் பிர்ச்சும் மஞ்சளாகின்றன, நடுவே பைன் மட்டும் கறுத்த பச்சையில் நிற்கிறது. பார்த்தவர்கள் இயற்கை என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் பெயர். ஓஜிப்வே மக்கள் இதை எல்க் மானின் ஏரி என்றார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் அதையே தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டார்கள். 1832 ஜூலையில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் வந்தார். செவ்விந்தியர் விவகாரங்களுக்கான அரசாங்க அதிகாரி. ஓஸாவிண்டிப் என்ற ஓஜிப்வே தலைவர் தமக்குத் தெரிந்த வழியில் தமக்குத் தெரிந்த ஏரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கூல்கிராஃப்ட் ஒரு தீவில் கொடி ஏற்றினார். ஒரு நாள்கூடத் தங்கவில்லை. நதிமூலத்தைக் கண்டுபிடித்தவர் ஆனார். கூட வந்த பாதிரியாரிடம் 'உண்மையான தலை' என்பதற்கு லத்தீன் கேட்டார். வெரிட்டாஸ், காபுட் என்று இரண்டு சொற்கள் கிடைத்தன. இலக்கணப்படி அது 'உண்மை, தலை' என்றுதான் நிற்கும், போகட்டும். முதற்சொல்லின் தலையையும் இரண்டாம் சொல்லின் வாலையும் வெட்டி, நடுவில் மிஞ்சியதை ஏரிக்குச் சூட்டினார். இட்டாஸ்கா. ஆங்கில வாயில் அது ஐட்டாஸ்கா ஆயிற்று. உண்மையான தலை என்று பெயர் வைப்பதற்காக அந்தச் சொல்லின் தலையையே கொய்த காரியத்தைச் சரித்திரக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பின்னால் இதை ஒரு செவ்விந்தியப் பெண்ணின் பெயராக்கி, அவள் அழுத கண்ணீர்தான் நதி என்று கதையும் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட கதைகள் எங்கும் சீக்கிரம் பழசாகிவிடும். ஸ்தலபுராணம் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓஜிப்வே மொழிக்கு ஸ்கூல்கிராஃப்ட் அந்நியர் அல்லர் என்பதுதான் விஷயம். அவர் மனைவி ஜேன் ஜான்ஸ்டன் ஓஜிப்வே தாய்க்கும் ஐரிஷ் தகப்பனாருக்கும் பிறந்தவர். இரண்டு மொழியிலும் கவிதை எழுதியவர். 1826–27 குளிர்காலத்தில், சூ செயின்ட் மேரியில் பனி மூடிக் கிடந்தபோது, கணவர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். பிரதிகள் கைமாறிக் கைமாறி நண்பர்களிடையே போயின. அதில் ஜேன் புனைபெயர்களில் எழுதினார். இதைப் படிக்கிற வட்டத்துக்கு அந்தப் பத்திரிகையின் வாசகர் எண்ணிக்கையைப் பற்றி ஆச்சரியம் எதுவும் இருக்காது. சிறுமியாக ஐயர்லாந்து போய்த் திரும்பியபோது மறுபடி கண்ட பைன் மரத்தைப் பற்றி அவர் ஓஜிப்வேயில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு மொழி இருக்க, ஸ்கூல்கிராஃப்ட் லத்தீனுக்குப் போனார். ஜேன் 1842-ல் இறந்தார். அவர் எழுத்துக்கள் திரட்டப்பட்டு நூலாக வந்தது 2007-ல்.

இதற்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1881-ல் வில்லர்டு கிளேசியர் என்பவர், உண்மையான மூலம் ஐட்டாஸ்கா அல்ல, அதற்குத் தெற்கே உள்ள சிறிய ஏரி என்று சொல்லி, அதற்குத் தம் பெயரையே வைத்தார். அவருடைய பயண நூலில் பல பகுதிகள் ஸ்கூல்கிராஃப்டின் புத்தகத்திலிருந்து திருடப்பட்டவை என்று அம்பலமாயிற்று. நதிமூலத்தைத் திருத்தப் போனவர் வாக்கிய மூலத்தை மறைத்தார். இந்தச் சச்சரவைத் தீர்க்கத்தான் 1889-ல் ஜேக்கப் பிரவர் அளவெடுக்க அனுப்பப்பட்டார். போன இடத்தில் அவர் கண்டது பைன் காடு, அதை நோக்கி வந்துகொண்டிருந்த கோடாலி. பூங்காவுக்கான சட்டம் இரண்டு வருஷத்தில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

சட்டம் மரத்தைக் காப்பாற்றிவிடவில்லை. எல்லைக்குள்ளேயே மர வியாபாரிகளுக்கு நிலம் இருந்தது. அவர்கள் அணை கட்டி ஏரியை உயர்த்தினார்கள், வெட்டிய மரத்தை வெள்ளத்தில் மிதக்கவிட. கரையோர மரங்கள் நீரில் மூழ்கிச் செத்தன. 1903-ல் பூங்காவின் ஆணையாளர் இறந்தபோது அவர் மகள் மேரி கிப்ஸை அந்தப் பதவியில் வைத்தார்கள். வயது 24. அணையைத் திறக்கப் போனவளைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள். அப்படியும் மதகின் மேல் கை வைத்தாள். ஒரு வருஷம்கூட அவள் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. வெட்டு 1910-களின் கடைசி வரை நடந்தது.

வெட்டிய இடத்தில் என்ன முளைத்தது என்பதில்தான் நமக்கு அக்கறை. திறந்த வெயிலில், எரிந்த மண்ணில், முதலில் எழுந்து நிற்பவை ஆஸ்பென்னும் பிர்ச்சும். வெட்டினால் ஆஸ்பென் வேரிலிருந்தே கன்று விடும். மேப்பிளும் பாஸ்வுட்டும் அந்த மேடுகளில் முன்பே இருந்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் சாலைக்கு இருபுறமும் மலைச்சரிவில் தீப்பிடித்ததுபோல் தெரிகிற மஞ்சளில் பெரும்பங்கு, பைன் இருந்து போன இடத்தின் மஞ்சள். அதன் வயது நூற்றுச் சொச்சம். காடு எதைப் போட்டு மூடிக்கொண்டதோ அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே அந்த அழகு பொய் என்று முடிப்பது சுலபம். நம்மிடையே அப்படி முடிக்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இலையின் மஞ்சள் அக்டோபரில் வருவதில்லை. வேனில் முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது, பச்சையம் சிதைந்த பிறகு கண்ணில் படுகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல; அந்த மரம் சாகப் போகும் இலையில் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. ஓஜிப்வே நாட்காட்டியில் இலை நிறம் மாறும் திங்கள் ஒன்று, இலை விழும் திங்கள் அடுத்தது. 'இலையுதிர் காலம்' என்ற நம் சொல்லில் நிறத்துக்கு இடமே இல்லை. நம்முடைய ஆறு பெரும்பொழுதில் எதுவும் இலையின் பேரில் அமையவில்லை. நம் மரங்கள் பனி முடிந்து வெயில் ஏறும்போது உதிர்ப்பவை. பி.ஏ. ஆங்கிலத்துக்காக அந்தப் பருவத்தைக் கவிதை கவிதையாக நெட்டுருப் போட்டவன் நான். நெட்டுருப் போட்ட ரசனை மரத்தைப் பார்க்காது, பருவத்தைத்தான் பார்க்கும்.

நதி புறப்படும் இடமும் இதே கதைதான். பழைய வாய்க்கால் சதுப்பும் சேறுமாக இருந்தது. இன்று பயணிகள் கல் மேல் கல்லாகக் கால் வைத்து மிஸிஸிப்பியைத் தாண்டுகிற அந்தக் கல்வரிசை, 1930-களில் சதுப்பைத் தூர்த்து வாய்க்காலை ஒழுங்கு செய்தபோது அமைக்கப்பட்டது. பக்கத்து மரக்கம்பம் கடல் வரை 2,552 மைல் என்கிறது; பின்வந்த அளவுகள் 200 மைல் போலக் குறைவு. வங்கியில் இவ்வளவு வித்தியாசத்தோடு பேரேட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.

மிஞ்சிய பைனுக்கும் சிக்கல் தீரவில்லை. செம்பைன் விதை முளைக்கத் தரைத்தீ வேண்டும். பூங்கா தீயை அணைத்தது. மான் வேட்டையைத் தடுத்ததில் மான் பெருகிக் கன்றுகளை மேய்ந்தது. முந்நூறு வயது மரம் நிற்கிறது, அதன் அடியில் பேரன் இல்லை. பிற்பாடு நிர்வாகம் தானே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது. அந்தப் பிரதேசத்தில் வெண்பைன் கன்றுகளின் நுனி மொட்டுக்கு ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி ஊசி அடித்து வைக்கிறார்கள். பனிக்காலத்தில் மான் வாய் வைக்காது. மஞ்சள் உதிர்ந்துகொண்டிருக்கும் அதே அக்டோபரில், குனிந்து, கன்று கன்றாகச் செய்கிற வேலை அது. வசந்தத்தில் மொட்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வரும். கன்று மான் வாய்க்கு எட்டாத உயரம் போகும் வரை, வருஷா வருஷம் காகிதம் மாற்ற வேண்டும்.