இராணுவ சேவையும் மருத்துவ பீட அனுமதியும் (இலங்கை)

இலங்கையில் மருத்துவக் கல்விக்கான வழியைப் பரீட்சைப் புள்ளியே திறக்கிறது. இங்கு படைச்சேவை பெரும்பாலும் மருத்துவ பீடத்துக்குள் சேர்ந்தவர் பின்னர் ஆற்றவேண்டிய கடமையாகவே அமைந்துள்ளது.

தொடக்ககாலம்
பிரித்தானியர் ஆட்சியில் மருத்துவக் கல்வியும் படையும் நெருங்கியிருந்தன. இந்தியாவில் 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பாடசாலை படைக்கு வேண்டிய துணை மருத்துவர்களையும் பயிற்றியது. இலங்கையில் கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870இல் நிறுவப்பட்டது.

புள்ளிகளின் ஆட்சி
1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவற்றால் பல தமிழ் மாணவர்களின் மருத்துவக் கனவு தகர்ந்தது. 2001இல் இசட் புள்ளி முறை அறிமுகமானது. இன்று 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். முப்படையினர், பொலிஸார், விசேட அதிரடிப்படையினர் ஆகியோருக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட ஏற்பாடொன்றை வைத்திருந்தாலும், பொது அனுமதியில் சேவைக்காலத்துக்குப் புள்ளி கிடையாது.

இரத்மலானை வழி
முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலவுக்குச் சொந்தமான, இரத்மலானையிலுள்ள கந்தவலை வளவில் 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்புக் கல்விக்கழகம் அமைந்தது. 1988இல் பட்டமளிக்கும் தகுதியைப் பெற்ற அது, 2007இல் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமானது. அதன் மருத்துவ பீடம் 2009இல் தொடங்கியது. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தோரிலிருந்து நேர்முகம், உடற்தகுதி ஆகியவற்றின் வழியே பயிலிளவல் அதிகாரிகள் தெரிவாகின்றனர். பட்டம் பெற்றபின் அவர்கள் படை மருத்துவர்களாகப் பணியாற்றுகின்றனர். கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவர்களும் அங்கு உள்ளனர். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி தொடர்பான சர்ச்சைக்குப் பின், அதன் மாணவர்கள் 2018இல் இங்கு உள்வாங்கப்பட்டனர். பல்கலைக்கழகத்தின் அதிகாரங்களை விரிவாக்கும் சட்டமூலத்துக்கு எதிராக 2021இல் ஆசிரியர்களும் மாணவர்களும் வீதியில் இறங்கினர். இலவசக் கல்வி தேயும், உயர்கல்வி இராணுவமயமாகும் என்பவை அவர்களின் அச்சங்கள்.

பிறநாடுகள்
இந்தியாவில் 1948இல் நிறுவப்பட்ட புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் முதலில் அனுமதி, பின்னர் சேவை என்ற ஒழுங்கையே கொண்டது. தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் உண்டு. அமெரிக்காவில் நிலை வேறு. 1944ஆம் ஆண்டுச் சட்டம் முதல், படையிலிருந்து விலகியோரின் கல்விச் செலவை அரசு ஏற்றுவருகிறது. மருத்துவக் கல்லூரிகளும் விண்ணப்பதாரியின் படை அனுபவத்தை மதிப்பெண்களோடு சேர்த்தே எடைபோடுகின்றன. களத்தில் காயம் கட்டிய மருத்துவ உதவியாளரின் அனுபவம் அங்கு கணக்கில் எடுக்கப்படுகிறது.

மதிப்பீடு
இலங்கையில் அத்தகைய உதவியாளர் மருத்துவராக விரும்பினாலும் உயர்தரப் பரீட்சையையே நம்பவேண்டும். புள்ளி மட்டுமே பேசும் முறை செல்வாக்கைத் தடுக்கிறது. நோயாளியருகே பெற்ற அறிவையும் புறந்தள்ளுகிறது. அந்த அறிவை மதிக்க விரும்பினால் அது படையினருக்கு மட்டுமன்றித் தாதியர், மருந்தாளர், அம்புலன்ஸ் பணியாளர் அனைவருக்கும் பொதுவான வழியாக இருக்கவேண்டும். முப்படைகளில் தமிழர் மிகச்சிலரே உள்ள நாட்டில், சீருடைக்கு மட்டும் திறக்கும் கதவு ஒரு சமூகத்துக்கு மூடிய கதவாகிவிடும்.