தொகுப்பித்தவர் யார்? சின்ட்ரெல்லாவின் மலிவுவிலைக் குறுந்தகடு ஒன்றை முன்வைத்து

தொகைநூல்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்னும் இரு சொற்களும் பழக்கமானவை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று பழங்குறிப்பு பிரித்துச் சொல்கிறது. பாடிய புலவர்கள் ஒருபுறம் இருக்க, பாடல்களைத் தேர்ந்து கோத்தவர் ஒருவர். கோக்கச் செய்தவர் வேறொருவர். அந்த அதிகார உறவு முழுவதையும் ஒரு பிறவினை விகுதி தாங்கி நிற்கிறது. இசை வரலாற்றாய்வில் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு பொருளிடம் இதே கேள்வியைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான, சின்ட்ரெல்லா என்னும் கிளாம் மெட்டல் குழுவின் மலிவுவிலைக் குறுந்தகடு அது. தொடரின் பெயர் ‘டுவென்டியத் செஞ்சுரி மாஸ்டர்ஸ்: தி மில்லேனியம் கலெக்‌ஷன்’. அதன் கீழ், குழுவின் ‘சிறந்தவை’.

கிளாம் மெட்டல் 1980களின் அமெரிக்க ராக் வகை. உரத்த கிதார், உச்சிக்கு ஏறும் குரல், முகப்பூச்சு, ஊதிப் பரப்பிய தலைமுடி, தொகுப்புக்கு ஒன்றேனும் மென்மையான காதல் பாட்டு, எல்லாவற்றையும் வீடுதோறும் கொண்டுசேர்த்த எம்டிவி. ‘ஹேர் மெட்டல்’ என்ற பெயர் பின்னாளில் ஏளனமாக ஒட்டப்பட்டது. இவ்வகையின் தலைநகர் லாஸ் ஏஞ்சலஸ் என்றாலும் சின்ட்ரெல்லா கிழக்கே ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில், 1982இல், டாம் கீஃபர், எரிக் பிரிட்டிங்ஹாம் ஆகியோரால் தொடங்கப்பட்டது. உள்ளூர் அரங்கு ஒன்றில் அவர்கள் வாசித்ததைக் கேட்ட ஜான் பான் ஜோவி, தம் நிறுவனமான மெர்க்குரியிடம் பரிந்துரைத்தார். 1986இல் வந்த ‘நைட் சாங்ஸ்’ பில்போர்டு தரவரிசையில் மூன்றாம் இடம் வரை சென்றது. 1988இன் ‘லாங் கோல்ட் வின்டர்’ அதே அளவு விற்றது. இரண்டும் அமெரிக்காவில் தலா முப்பது லட்சம் படிகளைத் தாண்டியதற்கான சான்று பெற்றவை. 1990இன் ‘ஹார்ட்பிரேக் ஸ்டேஷன்’ ப்ளூஸ், நாட்டுப்புற மரபுகளை நோக்கி வெளிப்படையாகத் திரும்பியது. அதில் நரம்பிசைக் கோவைகளுக்கு லெட் ஜெப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் துணை நின்றார் என்பதே குழுவின் நாட்டம் எத்திசையில் இருந்தது என்பதைக் காட்டும்.

இதற்குப் பின் வழக்கமாகச் சொல்லப்படும் கதை நாமறிந்ததே: 1991இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது, முடி வளர்த்தவர்கள் எல்லாரும் ஒரே இரவில் காணாமற்போனார்கள். பாடநூல்களுக்கு வசதியான கதை. சின்ட்ரெல்லாவைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட இல்லை. 1990களின் தொடக்கத்தில் கீஃபரின் இடது குரல்நாண் பகுதியளவு செயலிழந்தது. இனிப் பாட இயலாமற் போகலாம் என்று மருத்துவர்கள் கூறினர். அறுவை சிகிச்சைகளும் நெடிய பயிற்சியும் தொடர்ந்தன. அடுத்த தொகுப்பான ‘ஸ்டில் கிளைம்பிங்’ 1994இல் வெளிவந்தபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அது வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. மெர்க்குரி குழுவைக் கைவிட்டது. 1990களின் இறுதியில் சோனியுடன் செய்துகொண்ட புதிய ஒப்பந்தமும் தகராறில் முடிந்தது. அதற்கெனத் திட்டமிட்ட தொகுப்பு வரவேயில்லை. ஆக, 1994க்குப் பிறகு சின்ட்ரெல்லாவுக்குப் புதிய ஸ்டுடியோ தொகுப்பு என்று ஒன்று இல்லை.

ஆனால் பெயர்ப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1997இல் ‘ஒன்ஸ் அபான் எ...’, 2000இல் நாம் பேசும் மில்லேனியம் தட்டு, 2005இல் ‘ராக்டு, வயர்டு அண்ட் ப்ளூஸ்டு’, 2006இல் ‘கோல்டு’ என்று எல்லாம் அதே பாடல்களின் மறுகோவைகள். இடையில் ஒரு மேடைப்பதிவு. குழு பேசாமல் இருந்த காலத்தில் அதன் பெயரால் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் யார் என்று பார்க்க, 1998க்குச் செல்லவேண்டும். சாராய வணிகத்தில் வளர்ந்த கனடிய நிறுவனமான சீக்ரம், அவ்வாண்டு பாலிகிராமை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கித் தன் யுனிவர்சலோடு இணைத்தது. மெர்க்குரி, ஐலண்ட், ஏ அண்ட் எம், மோட்டவுன் எனப் பல தலைமுறைகளின் மூலப்பதிவுகள் ஒரே உரிமையாளரிடம் வந்து சேர்ந்தன. அடுத்த சில மாதங்களில் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர், கலைஞர் பலரின் ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன. மில்லேனியம் தொடர் தோன்றியது இந்தச் சூழலில்தான். ஜேம்ஸ் பிரவுன், பேட்சி கிளைன், லினர்ட் ஸ்கினர்ட், சின்ட்ரெல்லா என்று தம்முள் எந்த உறவும் இல்லாதவர்களை ஒரே வார்ப்பு உறைக்குள் நிறுத்தியது எந்த அழகியல்? மூலப்பதிவுகளின் உரிமை ஒரே கையில் இருந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை. ‘மாஸ்டர்ஸ்’ என்ற சொல்லின் இருபொருளும் இங்கே ஒருசேர ஒலிக்கிறது. வாங்குபவர் அதை ‘மேதைகள்’ என்று படிப்பார். ஒப்பந்தத்தில் அதே சொல்லுக்குப் பொருள் ‘மூலப்பதிவுகள்’. விமரிசகர் பலர் மேதை என்ற சொல்லுக்கு அருகிலும் விட்டிராத ஒரு குழுவின் மேல் அச்சொல் அச்சாகியிருப்பதில் சிறிது குறும்பும் இருக்கிறது.

ஏன் மலிவு, ஏன் இத்தனை சிறியது என்பதும் கேட்கத்தக்கது. குறுந்தகட்டில் 74 நிமிட இசையை வைக்கலாம். இத்தொடரின் தட்டுகளிலோ பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு பாடல்களே. இடமில்லாததால் அன்று, கணக்கினால். 2000இல் அமெரிக்கச் சட்டப்படி ஐந்து நிமிடத்துக்குட்பட்ட ஒரு பாடலின் ஒவ்வொரு படிக்கும், இயற்றியவர் சார்பில் செலுத்தவேண்டிய தொகை 7.55 சென்ட். பாடகரே இயற்றியவராகவும் இருந்தால் அதில் முக்கால் பங்கே தருவது, அதுவும் பத்துப் பாடல்களுக்கு மேல் தராமலிருப்பது என்பது அக்கால ஒப்பந்தங்களில் வழக்கமான விதி. பன்னிரண்டு பாடல்களுக்கு முழுவீதத்தில் 90.6 சென்ட் ஆகவேண்டியது இவ்விதியால் 56.6 சென்டாகச் சுருங்கும். பாடகருக்குரிய ராயல்டியும் மலிவுவிலைப் பதிப்புகளுக்குக் குறைந்த வீதத்திலேயே கணக்கிடப்படும். அதுவும் முன்பணம் தீர்ந்த பிறகே கைக்கு வரும். பதிவுச் செலவு பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. புதிதாகத் தேவைப்பட்டவை உறையும் முன்னுரையும் மட்டுமே.

சந்தையும் அதற்கு ஆயத்தமாக இருந்தது. 1991 மே மாதம் பில்போர்டு, கடைகளின் விற்பனைக் கருவிகளிலிருந்தே எண்ணிக்கை திரட்டும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. பழைய தட்டுகள் எவ்வளவு விடாமல் விற்கின்றன என்பது அதனால் வாரந்தோறும் துலங்கியது. 1990களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் ஒற்றைப்பாடல் தட்டுகளை வெகுவாகக் குறைத்துவிட்டதால், ஒரு பாட்டை விரும்பியவர் முழுத்தொகுப்பை வாங்க நேர்ந்தது. குறுந்தகட்டு விலையைச் செயற்கையாகத் தாங்கிப்பிடித்த விளம்பர ஏற்பாட்டைக் கைவிடுமாறு அமெரிக்க வணிக ஆணையம் ஐந்து பெருநிறுவனங்களையும் 2000 மே மாதம் பணித்தது. ஐடியூன்ஸ் 99 சென்டுக்குத் தனிப்பாடல் விற்கத் தொடங்கியது 2003இல். ஆகவே, அந்த இடைவெளியில் வந்த மலிவுக் கோவை, கேட்பவருக்கு உண்மையிலேயே உதவியது. அதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. இக்குழுவை முதன்முதலில் இத்தகைய தட்டின் வழியே அறிந்தவர்கள் ஏராளம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய கோவைக்குத் தேர்வுநெறி தரவரிசையே. பன்னிரண்டாம் இடத்தை எட்டிய ‘டோன்ட் நோ வாட் யூ காட்’ போன்ற மென்பாடல்கள் நடுநாயகமாகின்றன. ப்ளூஸை நோக்கிய நகர்வு ஓரத்துக்குப் போகிறது. ஒரு குரல் உடைந்ததும் மீண்டதும் எந்தப் பட்டியலிலும் ஏறாத செய்திகள். பாடகரின் தொண்டை மருத்துவத்தில் இருந்த ஆண்டுகளுக்குப் பிறகும், 1986இன் அந்தக் கீறல் குரல் முதுமையறியாமல் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. வேறு சில குழுக்கள் தம் பழைய பாடல்களைத் தாமே மறுபதிவு செய்து போட்டித் தட்டு வெளியிட்டன. வாரண்ட் 1999இல் அப்படிச் செய்தது. தம் இளமைக் குரலோடு தாமே போட்டியிடுவது எவருக்கும் கடினம். குரலையே இழந்து மீட்டவருக்கு அதைச் சொல்லவும் வேண்டுமோ.

உரிமையை மீட்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், 35 ஆண்டுகளுக்குப் பின் படைப்பாளி தாம் அளித்த உரிமையைத் திரும்பப் பெற இடமளிக்கிறது. ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்றால் மட்டும் இடமில்லை. 1999 நவம்பரில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி தொடர்பான மசோதா ஒன்றினுள் இசைப்பதிவுகளைக் கூலிப்படைப்பு வகையில் சேர்க்கும் சில சொற்கள் அரவமின்றி நுழைக்கப்பட்டன. கலைஞர்கள் கொதித்தெழுந்த பின் 2000 அக்டோபரில் அது நீக்கப்பட்டது. நம் குறுந்தகடும் அதே 2000இல் வந்ததே. ஆனாலும் பழைய ஒப்பந்தங்களில் அச்சொற்றொடர் இருந்துகொண்டே இருக்கிறது. ‘நைட் சாங்ஸ்’ காலத்துப் பதிவுகளுக்கு 35 ஆண்டுக் கெடு 2021ஐ ஒட்டி வந்தது. அதற்குச் சற்று முன், 2019இல், ஜான் வெயிட் உள்ளிட்ட கலைஞர்கள் தம்மைப் போன்றோர் அனைவர் சார்பாகவும் யுனிவர்சல்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் நீதிமன்றம் அதைக் கூட்டுவழக்காக ஏற்க மறுத்தது. ஒவ்வொரு பாடகரின் ஒப்பந்தத்தையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதாவது, ஒரே உறையில் அடுக்கி விற்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் ஒவ்வொருவராகவே நிற்கவேண்டும்.