கழக்கூட்டக் கரையும் கொள்ளைநோய்க் காலக் கலங்களும்

கழக்கூட்டம் என்றவுடன் இக்காலத் தமிழ்க் குடும்பங்களின் நினைவுக்கு வருவது 1990-இல் தோன்றிய டெக்னோபார்க் வளாகமே. பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்த நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் அங்கே பணிபுரிகின்றனர். வரலாறு பயின்றோர்க்கோ எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளையின் நினைவு எழும். ஆயினும் இவ்வூரை அடுத்த மேற்குக் கரையில், தும்பா, செயின்ட் ஆண்ட்ரூஸ், புத்தன்தோப்பு, மரியநாடு எனத் தொடர்ந்து கிடக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் ஏட்டில் ஏறாத வரலாறு. 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அக்கரையில் நிகழ்ந்தவற்றையேனும் எழுதிவைத்தல் நம் கடமை என்று கருதுகிறேன்.

இக்கரையின் வாழ்வு நீரோடு பிணைந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் கடினங்குளம் காயல். ராணி கௌரி பார்வதிபாய் 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, திருவனந்தபுரத்து வள்ளக்கடவை அக்காயலோடு இணைத்தது. வள்ளம் வந்து சேரும் கடவு என்று ஊர்ப்பெயரே சான்று கூறுகிறதன்றோ! கட்டுமரம் என்னும் சொல்லையோ நாம் உலகுக்கே வழங்கிவிட்டோம். தெற்கே விழிஞம் ஆய் வேளிரின் துறைமுகமாக விளங்கியது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலைச் செய்தி இப்பகுதியைச் சார்ந்ததே என்பது அறிஞர் பலர் துணிபு. அங்கே வரும் ‘கலமறுத்தல்’ என்பதற்கு மரக்கலங்களை அழித்தல் என்பாரும், சாலையில் உண்போரின் உண்கலத்தை நிறுத்துதல் என்பாரும் உளர். 2020-இல் அதே கரையில் இவ்விரு பொருளும் ஒருங்கே நிகழ்ந்தன. மரக்கலம் நின்றது, அதனால் உண்கலமும் நின்றது.

அவ்வாண்டு ஜூலை 6 அன்று திருவனந்தபுரம் நகரில் மும்மடங்கு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பூந்துறை என்னும் மீனவர் ஊரில் கொரோனா மிகுந்துவிட்டது என்று 25 அதிரடிப்படைக் காவலர் அங்கே நிறுத்தப்பட்டனர். ஜூலை 10 அன்று மக்கள் தெருவுக்கு வந்து முறையிட்டனர். நோய்க்கு மருந்து கேட்டவர்க்குத் துப்பாக்கி தாங்கியவரை அனுப்புதல் என்ன முறை என்பதே அவர்தம் வினா. 2018 பெருவெள்ளத்தில் தம் படகுகளை லாரியில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்ட மக்கள் அவர்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சரால் பாராட்டப்பெற்றவர்கள். ஈராண்டுக்குள் அவர்கள் ஊரையே காவல் சூழ்ந்தது. ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகப் பரவலாகிவிட்டது என அறிவிக்கப்பட்டது. மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் இடவா முதல் பெருமாதுறை, பெருமாதுறை முதல் விழிஞம், விழிஞம் முதல் பொழியூர் என மூன்று வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு அடைக்கப்பட்டது. கழக்கூட்டத்துக் கரை நடு வட்டாரத்துள் அகப்பட்டது.

அது எத்தகைய பருவம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் கேரளக் கடலில் இழுவலை விசைப்படகுகளுக்குத் தடை. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் அத்தடை இல்லை. ஆகவே ஆனியும் ஆடியும் சிறுதொழில் மீனவர்க்குரிய மாதங்கள். கரையெங்கும் அலை சீறும்போது விழிஞத்து விரிகுடா ஒன்றே புகலிடம்; அயலூர் வள்ளங்களும் அங்கே சென்று கணவாயும் நெத்திலியும் பிடித்துவரும். ஆண்டு முழுவதும் பட்ட கடனை அடைக்க உதவும் அம்மாதங்களிற்றான் கடல் மூடப்பட்டது. நோய் பரவாதிருக்கக் கட்டுப்பாடு தேவை என்பதை எவரும் மறுக்கார். ஆனால் மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். வலை வீசுவோர்க்கு அது கூடுமோ?

இன்னொன்று நடந்தது, தமிழராகிய நாம் உற்று நோக்கத்தக்கது அதுவே. கன்னியாகுமரிப் பக்கம் மீன் கொள்முதலுக்குச் சென்று மீண்டவர் வழியாகவே நோய் வந்தது என்று அன்று பேசப்பட்டது. எனவே தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே படகுகள் போக்குவரவு செய்யாதபடி கடலிலும் காவல் போடப்பட்டது. பொழியூரைத் தாண்டினால் நீரோடி. அதன்பின் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இவர்களுக்கிடையே விழுந்தது. கொள்வினை கொடுப்பினையில் அவ்வெல்லை விழவில்லை. தூத்தூர் வட்டாரத்துத் தேவாலயங்கள் இன்றளவும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவையே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் இரு பக்கத்தாரும் சேர்ந்தே மாண்டனர், சேர்ந்தே அழுதனர். நிலத்தில் இருந்த கோட்டை நீரிலும் இழுத்தது இந்நோய்.

கப்பல் வழியே வரும் நோய்க்கு அஞ்சி மனிதரை அடைத்துவைத்தல் நமக்குப் புதிதன்று. பம்பாய்ப் பிளேக்கின்போது பிறந்த 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டமே 2020-இலும் எடுத்தாளப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அதன்பின்னரே கப்பலேறினர். சிங்கப்பூர் சென்றோர்க்குச் செயின்ட் ஜான்ஸ் தீவும், பினாங்கு சென்றோர்க்கு ஜெரஜாக் தீவும் இருந்தன. இதைப் படிக்கும் குடும்பங்களில் பாட்டன் பாட்டியர் வாய்வழி இக்கதையைக் கேட்டோர் இருக்கக்கூடும். கூலியாகச் சென்றவர்க்கே முகாம். உயர்வகுப்புப் பயணியர்க்கு வழி எளிதாகவே இருந்தது.

அதே ஜூலைத் திங்களில் அவ்வேற்றுமை மீண்டும் தலைகாட்டியது. உலகெங்கும் துறைமுகங்கள் மூடப்பட்டமையால், ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க இடமின்றிக் கப்பலிலேயே தவித்த மாலுமியர் அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணித்தது. பன்னாட்டுக் கப்பல்தடத்துக்கு மிக அண்மையிலுள்ள விழிஞம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஜூலை 15 அன்று எவர் கிஃப்டட் என்னும் சரக்குக் கப்பல் புறக்கடலில் நின்று பணியாளரை மாற்றிக்கொண்டது. தொடர்ந்து ஈராண்டில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அவ்வாறே செய்தன. நற்பணிதான், ஐயமில்லை. வீடு திரும்பிய மாலுமியரின் பிள்ளைகள் அதை மறவார். எனினும் மாலுமியரைச் சோதித்துக் கரையேற்ற ஒரு முறை வகுக்க முடிந்த நாளில், கரையிலிருந்த வள்ளக்காரரைச் சோதித்துக் கடலுக்கு அனுப்ப ஒரு முறை வகுக்கப்படவில்லை.

ஈரானில் அகப்பட்ட மீனவர்க்கும் அத்திங்களே விடிவு. பந்தர் அப்பாசில் ஏறிய 687 பேரைக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. பெரும்பாலோர் தமிழகக் கடற்கரை ஊரினர். பாரசீக வளைகுடாவில் பிறர் படகில் கூலிக்கு மீன்பிடித்தவர்கள், மாதக்கணக்கில் ஊதியமின்றி இருந்து மீண்டார்கள்.

கரையிலே பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தலைச்சுமையாக மீனை வீடுதோறும் கொண்டுசென்று விற்ற பெண்களுக்கு அவ்வழி அடைபட்டது. துறைகளில் கூட்டம் கூடாதிருக்க மீன் ஏலமும் நிறுத்தப்பட்டு, விலையை முன்கூட்டியே வரையறுக்கும் முறை வந்தது. இங்கே மரியநாட்டைப் பற்றி ஒரு சொல். இடைத்தரகர் பிடியிலிருந்து விடுபட 1960-களின் பிற்பகுதியிலேயே அவ்வூர் மீனவர் கூட்டுறவு கண்டு, தம் மீனைத் தாமே கரையில் ஏலமிட்டனர். 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாக அதுவே வித்து. அரை நூற்றாண்டுக்குப் பின், நோயை முன்னிட்டு அரசே ஏலத்தில் கைவைத்தது. 2020-இல் அவசரச் சட்டமாகப் பிறந்து 2021-இல் நிலையான சட்டமான மீன் ஏலச் சட்டம், தரகர் பெறும் கழிவுக்கு வரம்பு கட்டியது. மரியநாட்டார் மணலில் நின்று கேட்டதும் அதுவே.