டென்மார்க்கிற்கு வியாபாரப் பயணமா? நம் சிறு வணிகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

செந்தூல் - தீபாவளிக்கு வீட்டு மேசைக்கு வரும் நீலநிற டின் பட்டர் பிஸ்கட் டென்மார்க்கில் பிறந்தது. தோட்டத்து மக்களுக்கு அந்த நாட்டோடு உள்ள தொடர்போ அந்த டின்னைவிடப் பழையது. ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் நிறுவனம்தான் பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. தெலுக் இந்தான் அருகே உள்ள அதன் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள்.

தாத்தா வேலை பார்த்தது டேனிஷ்காரர் தோட்டத்தில். பேரன் இன்று மசாலைத் தூள், ஆயத்த ஆடை, ரப்பர் பொருள், கணினி மென்பொருள் என்று ஏதாவது ஒன்றை அதே டேனிஷ்காரருக்கு விற்க நினைக்கலாம். ஆனால் விமான டிக்கெட், தங்கும் விடுதி, கண்காட்சிக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறு வணிகரின் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க, புறப்படும் முன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம். சிலாங்கூர் மாநிலத்தைவிடக் குறைவு. சந்தை சிறியது என்பதால் ஒரு துறையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். நல்ல பெயரும் கெட்ட பெயரும் அங்கே விரைவில் பரவும்.

குடிநுழைவு

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்திற்கு விசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். இது டென்மார்க்கிற்கு மட்டுமல்ல, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும் கணக்கு. ஜெர்மனியில் 20 நாள் இருந்திருந்தால் அதுவும் இதில் சேரும்.

திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியுள்ளது. இணையம் வழி முன்அனுமதி பெறும் முறையும் வரவிருப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். அதனால் அடுத்த விமானத்திற்குப் போதிய இடைவெளி விடுங்கள்.

அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, பயணக் காப்புறுதி ஆகியவற்றைக் காகிதமாகவும் வைத்திருங்கள். சந்திப்பு, பேச்சுவார்த்தை, கண்காட்சியைப் பார்வையிடுவது ஆகியவற்றுக்கு விசா விலக்கு போதும். சம்பளத்திற்கு வேலை செய்ய அது செல்லாது.

எப்போது போவது

ஜூலையில் போகாதீர்கள். கோடை விடுமுறையில் பெரும்பாலான அலுவலகங்களில் முடிவெடுக்க ஆள் இருக்காது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் வாரங்களும் அப்படித்தான். டேனிஷ்காரர்கள் தேதியைச் சொல்லாமல் வார எண்ணைச் சொல்வதுண்டு. "36-ஆவது வாரம்" என்றால் செப்டம்பர் தொடக்கம். கைப்பேசி நாட்காட்டியில் வார எண்ணைக் காட்டும் வசதியை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

கோடையில் நாம் 6 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 7 மணி நேரம். நம் மாலை 4 மணிக்கு அழைத்தால் அங்கே காலை 9 அல்லது 10 மணி. அவர்களின் வழக்கமான வேலை வாரம் 37 மணி நேரம். மாலை 4 மணிக்குப் பலர் பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சந்திப்பு கேட்காதீர்கள்.

காலை 10 மணிச் சந்திப்பு என்றால் 10 மணிக்கே பேச்சு தொடங்கும். தாமதமானால் முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள்.

பேச்சு

அங்கே நிறுவனத் தலைவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். உங்கள் டத்தோ பட்டம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளம் அதிகாரி ஒருவர் முதலாளியின் முன்னாலேயே உங்களிடம் கேள்வி கேட்பார். அவருக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

"போலே, போலே" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அங்கே அந்தச் சொல் வாக்குறுதி. மாதம் 500 பெட்டிதான் அனுப்ப முடியும் என்றால் 500 என்றே சொல்லுங்கள். குறைவான அளவை அவர்கள் மன்னிப்பார்கள். சொன்ன அளவு வராமல் போனால் அடுத்த ஆர்டர் வராது.

அன்பளிப்பிலும் கவனம் தேவை. டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் ஊழல் உணர்வுக் குறியீட்டில் தொடர்ந்து உச்சியில் இருக்கும் நாடு இது. விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் உங்கள் மீது சந்தேகம்தான் வரும். சிறிய இனிப்புப் பெட்டி போதும்.

மாதிரிப் பொருட்கள்

பயணப் பெட்டியில் இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. உலர்ந்த மசாலைத் தூளாக இருந்தால், உள்ளடக்கப் பட்டியலும் ஆய்வுக்கூட அறிக்கையும் உடன் இருக்கட்டும்.

கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவரும் நகை, கருவி போன்றவற்றுக்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணம் உதவும். மலேசியாவில் இதை வழங்குவது மலேசிய அனைத்துலக வர்த்தக, தொழிலியல் சங்கம். மேட்ரேட்டின் சந்தை மேம்பாட்டு மானியத்திற்கு உங்கள் நிறுவனம் தகுதி பெறுமா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

வாங்குபவர் யார்?

டென்மார்க்கில் பதிவுபெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 8 இலக்க சி.வி.ஆர். எண் உண்டு. அதை அரசுப் பதிவேட்டில் இணையம் வழி யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் தர மறுப்பவரிடமும், முன்பணம் கட்டினால்தான் ஆர்டர் என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பெரிய ஆர்டர் என்ற ஆசையில் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பணம், உணவு, உடை

நாணயம் குரோனர், யூரோ அல்ல. காப்பிக் கடையிலும் அட்டையில்தான் கட்டுவார்கள். உங்கள் வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன் திறந்துவிடுங்கள். விலையில் 25 விழுக்காடு வரி சேர்ந்தே இருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. விமான நிலையத்திலிருந்து கோப்பன்ஹேகன் நகருக்கு மெட்ரோவில் கால் மணி நேரம்தான். டிக்கெட்டை ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மதிய உணவு 12 மணியை ஒட்டி, பெரும்பாலும் அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில். பன்றி, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் அதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். காற்று புகாத மேலங்கியும் நல்ல காலணியும் அவசியம். சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். அவசர எண் 112.

அங்கேயும் தமிழ் உண்டு

1983 கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பலர் டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களில் நிறையப் பேர் ஜட்லாந்துப் பகுதியில் குடியேறினர். நாட்டின் பெரிய கண்காட்சி மையங்களில் ஒன்று இருக்கும் ஹெர்னிங் நகரில் சித்தி விநாயகர் ஆலயமும், அருகில் பிராண்டே ஊரில் அபிராமி அம்மன் ஆலயமும் உள்ளன. கோப்பன்ஹேகனிலிருந்து ஹெர்னிங்கிற்கு ரயிலில் 3 மணி நேரத்துக்கு மேலாகும். உணவுப் பொருள் விற்பவர்கள் ஒரு நாளை அங்கே ஒதுக்கலாம். அங்குள்ள தமிழ்க் கடைக்காரர்களிடம் எந்தப் பொருள் விற்கும், எந்த ஒட்டுத்தாள் தேவை என்பதைத் தமிழிலேயே கேட்டறியலாம்.

நாடு திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் விலை, அளவு, அனுப்பும் தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பதில் சுருக்கமாக வந்தால் கோபம் என்று எண்ண வேண்டாம்; அது அவர்கள் வழக்கம். முதல் ஆர்டர் சிறியதாகவே வரும். அதைச் சொன்ன தேதியில் அனுப்பிவைத்தால்தான் இரண்டாவது ஆர்டரைப் பற்றிப் பேச முடியும்.