பெட்டி பழசு, ஆட்டம் புதுசு

உறையூர் நாச்சியார் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சித்தப்பா வீடு. அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி நிற்கிறது. ஆள் உயரத்துக்குப் பிளைவுட், உள்ளே பழைய கலர் டிவி, முன்னால் இரண்டு கைப்பிடி, உருண்டைப் பட்டன்கள். 1996-லிருந்து 2003 வரை சித்தப்பா நடத்திய வீடியோ கேம் கடையில் மிச்சம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. இதன் தலையில் சித்தி ஊறுகாய் ஜாடி வைத்திருந்ததால் இது மட்டும் தப்பித்தது.

போன செமஸ்டர் லீவில் நானும் இரண்டு நண்பர்களும் இதைத் திரும்ப ஓட வைக்கலாம் என்று இறங்கினோம். வெளியே புதுப் படம், உள்ளே புது ஸ்பீக்கர், பழைய போர்டுக்குப் பதிலாக உள்ளங்கை அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே சண்டை வந்துவிட்டது. "பழசை மாத்திட்டா அது பழசே இல்லடா, கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி" என்றான் ஸ்ரீரங்கத்துக்காரன். "சும்மா கிடக்கறத ஓட விட்டா என்னடா பாவம்?" என்றான் இன்னொருவன். நான் பி.காம் ஆச்சே, எந்தப் பக்கமும் கையெழுத்துப் போடாமல், இந்த மாதிரிப் பெட்டிகளை இதற்கு முன் யார் யார் மாற்றினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால், உலகத்திலேயே பிரபலமான ஆட்டங்களில் சில அடுத்த ஆட்டத்தின் பெட்டிக்குள் புகுந்துதான் பிறந்திருக்கின்றன! அந்தக் கதைதான் இது.

முதலில் நிண்டெண்டோ. 1980-ல் அவர்கள் ஜப்பானில் 'ரேடார் ஸ்கோப்' என்று ஒரு விண்வெளி சுடும் ஆட்டம் போட்டார்கள். அமெரிக்கக் கிளையைப் பார்த்துக்கொண்டவர் மினோரு அரகாவா. முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் மருமகன். மாப்பிள்ளை நம்பிக்கையாக 3000 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அந்த வகை ஆட்டத்தின் மவுசு குறைந்துவிட்டது. விற்றது ஆயிரம் சொச்சம், தேங்கியது 2000. சரக்கிருப்பை 'அடக்க விலை அல்லது சந்தை விலை, இதில் எது குறைவோ அது' என்று மதிப்பிட வேண்டும் என்று அக்கவுண்டன்சியில் படித்திருப்போமே. இங்கே சந்தை விலை கிட்டத்தட்ட விறகு விலை.

அரகாவா மாமனாரிடம் போய், இந்தப் பெட்டிகளுக்குள் போட வேறு ஆட்டம் வேண்டும் என்று கேட்டார். அந்த வேலை, அதுவரை தனியாக ஆட்டம் எதுவும் வடிவமைக்காத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் கையில் வந்தது. மேற்பார்வை குன்பெய் யோக்கோய். முதலில் 'பாப்பாய்' கார்ட்டூனை வைத்துச் செய்யப் பார்த்தார்கள், உரிமை கிடைக்கவில்லை. பாப்பாய் இடத்தில் ஒரு தச்சன், வில்லன் இடத்தில் ஒரு குரங்கு, நடுவில் ஒரு பெண். அதுதான் 1981-ல் வந்த 'டாங்கி காங்'. அந்தத் தச்சன்தான் பிற்பாடு மரியோ. (கிளை வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் பெயர் மரியோ செகாலி. அங்கிருந்துதான் பெயர் வந்ததாம்.)

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம். ஜப்பானிலிருந்து வந்தவை புதுப் பெட்டிகள் அல்ல, மாற்றுச் சாமான்கள். சியாட்டில் பக்கத்துக் கிடங்கில் அரகாவாவும், அவர் மனைவி யோக்கோவும், டான் ஜேம்ஸ் போன்ற சில ஊழியர்களும் உட்கார்ந்து ரேடார் ஸ்கோப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருந்ததை மாற்றி, மேலே புதுப் படம் ஒட்டினார்கள். முதலாளி மகள் கிடங்கில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். ரேடார் ஸ்கோப் பெட்டிகள் சிவப்பு நிறம். அதனால் அமெரிக்காவில் முதலில் வந்த டாங்கி காங் பெட்டிகளும் சிவப்பு. பிறகு புதிதாகச் செய்தவை நீலம். சோதனைக்காக ஒரு பெட்டியை அங்கே ஒரு மதுக்கடையில் வைத்தபோது ஒரே நாளில் 30 டாலர் விழுந்ததாகச் சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு கால் டாலர் வீதம் 120 ஆட்டம்.

நம்ம கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவார்களே, சேஸிஸ் கம்பெனியிலிருந்து வரும், உடம்பு நம்ம ஊரில் ஏறும். இங்கே அது தலைகீழ். உடம்பு அப்படியே இருக்க உயிர் மாறியது.

'அவன் பெட்டி, அவன் மாத்தினான், இதுல என்ன?' என்று கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது. டாங்கி காங்கின் நிரலை எழுதிக் கொடுத்தது இகெகாமி என்ற வெளிக் கம்பெனி. அடுத்த ஆட்டமான 'டாங்கி காங் ஜூனியரை' நிண்டெண்டோ அந்த நிரலைப் பிரித்துப் பார்த்துச் செய்தது என்று இகெகாமி வழக்குப் போட்டு, அது 1990 வரை இழுத்து சமரசத்தில் முடிந்தது. இன்னொரு பக்கம், 'குரங்கு எங்கள் கிங் காங்' என்று யுனிவர்சல் படக் கம்பெனி 1982-ல் வழக்குப் போட்டது. அதே யுனிவர்சல் சில வருஷம் முன்பு வேறொரு வழக்கில், 'கிங் காங் கதை பொதுச்சொத்து' என்று வாதாடி ஜெயித்திருந்தது! தோற்றுப் போனது. காசு வரும்போது சொந்தம், கொடுக்கும்போது பொது.

இப்போது பெட்டி அடுத்தவருடையது என்றால்? இங்கேதான் நம் வயசுப் பசங்க வருகிறார்கள்.

டக் மெக்ரே, கெவின் கரன் இருவரும் எம்.ஐ.டி மாணவர்கள். கேம்பஸில் பின்பால், வீடியோ கேம் பெட்டிகள் வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அட்டாரியின் 'மிஸைல் கமாண்ட்' பெட்டிகளை வாங்கிப் போட்டார்கள். ஆரம்பத்தில் நல்ல கல்லா. கொஞ்ச நாளில் ஆடுகிறவர்கள் தேறிவிட்டார்கள். ஒரு காசு போட்டுவிட்டு ரொம்ப நேரம் நிற்கிறான். வருமானம் சரிகிறது, மெஷின் என்னவோ புத்தம் புதுசு. தேய்மானம் என்றால் நமக்கு இரும்பு தேய்வதுதான் ஞாபகம் வரும். இங்கே மெஷின் தேயவில்லை, ஆடுகிறவனின் ஆச்சரியம் தேய்ந்துவிட்டது. இதற்கு எந்த முறையில் தேய்மானம் போடுவது என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை!

புதுப் பெட்டி வாங்கக் காசில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய போர்டின் மேல் சொருகும் ஒரு சின்ன போர்டு செய்தார்கள். ஆட்டம் கடினமாகும், புதுசாகும். 'சூப்பர் மிஸைல் அட்டாக்' என்று பெயர் வைத்து 1981-ல் 295 டாலருக்கு மற்ற பெட்டிக்காரர்களுக்கும் விற்றார்கள். கம்பெனி பெயர் ஜெனரல் கம்ப்யூட்டர்.

அட்டாரி 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பசங்க பயந்து ஓடவில்லை. 'நாங்கள் உங்கள் நிரலைக் காப்பி அடிக்கவில்லை. வாங்கினவன் தன் பெட்டியில் கூடுதலாக ஒன்றைச் சொருகிக்கொள்கிறான்' என்று நின்றார்கள். கடைசியில் அட்டாரியே வழக்கை விட்டுவிட்டு, 'எங்களுக்கே ஆட்டம் செய்து கொடுங்கள்' என்று அவர்களைச் சேர்த்துக்கொண்டது. நிபந்தனை ஒன்று: இனிமேல் அசல் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இந்த மாதிரி போர்டு விற்கக் கூடாது.

அந்த நேரம் அவர்கள் கையில் இன்னொரு போர்டு பாதி முடிந்திருந்தது. 'பேக்-மேன்' பெட்டிக்கானது. பேக்-மேனில் பேய்கள் ஒரே ஒழுங்கில் நகரும், அதனால் வழியை மனப்பாடம் செய்துவிட்டால் பெட்டி உங்களுடையது. இவர்கள் பேய்களின் நடையைக் கலைத்தார்கள். ஒரு கட்டத்துக்குப் பதில் நான்கு கட்டம் போட்டார்கள். நாயகனுக்குக் கால் முளைக்க வைத்து 'கிரேஸி ஓட்டோ' என்று பெயர் வைத்தார்கள். இப்போது அனுமதி வேண்டுமே? நேராக அமெரிக்காவில் பேக்-மேனை விற்றுக்கொண்டிருந்த மிட்வே கம்பெனியிடம் போய்க் காட்டினார்கள். அடுத்த பேக்-மேன் ஜப்பானிலிருந்து எப்போது வரும் என்று காத்திருந்த மிட்வேக்கு பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கால் போய், ரிப்பன் வந்து, 1982-ல் 'மிஸ் பேக்-மேன்' வெளியானது. முதலில் கல்யாணமாகாத பெண்ணுக்கான 'மிஸ்' தான் வைக்கப் பார்த்தார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே வரும் சின்னக் கதையில் இருவரும் காதலித்து, நாரை குழந்தையைக் கொண்டு வருகிறது. குழந்தை இருக்கும்போது செல்வி என்று போடலாமா? எனவே செல்வியும் இல்லாத, திருமதியும் இல்லாத 'எம்.எஸ்' போட்டார்கள்.

1 லட்சத்துக்கும் மேல் பெட்டி விற்றது. அதைத் திறந்தால் உள்ளே இருப்பது பழைய பேக்-மேன் போர்டேதான். அதன் பிராசஸர் சாக்கெட்டில் ரிப்பன் கேபிளோடு ஒரு துணை போர்டு சொருகியிருக்கும். பழைய நிரல் ஓடும், குறிப்பிட்ட இடங்கள் வரும்போது மட்டும் துணை போர்டு குறுக்கே புகுந்து தன் வரிகளைக் கொடுக்கும். புடவை பழசு, பார்டர் மட்டும் புதுசாக வைத்துத் தைத்த மாதிரி.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆர்டிக் என்ற கம்பெனி 'கேலக்ஸியன்' ஆட்டத்தை வேகமாக ஓட வைக்கும் போர்டு விற்றது. மிட்வே வழக்குப் போட்டது. வேகம் கூட்டிய ஆட்டமும் மூலத்திலிருந்து பிறந்த படைப்புதான், அந்த உரிமை மூலவருக்கே என்று 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொழில். ஒருவன் குற்றவாளி, இன்னொருவன் மிட்வேயின் செல்லப் பிள்ளை. வித்தியாசம் திறமையில் மட்டும் இல்லை, கதவைத் தட்டிக் கேட்டதிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். (தட்டும் முன் ஒரு வழக்கும் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம்.)

கேட்காமலே செய்து மூலவரையே மாற்றியவர்களும் உண்டு. கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-வைக் கள்ளத்தனமாக மாற்றி 'ரெயின்போ எடிஷன்' என்று ஒன்று கிளம்பியது. தாறுமாறான வேகம், ஆகாயத்தில் நின்றே தீப்பந்து எறியலாம், சண்டை நடுவில் ஆளையே மாற்றிக்கொள்ளலாம். குப்பைதான். ஆனால் ஜனம் அதன் முன்னால் நின்றது. 1992 கடைசியில் கேப்காமே வேகம் கூட்டி 'ஹைப்பர் ஃபைட்டிங்' வெளியிட்டது.

இதெல்லாம் சுலபமானதற்கு ஒரு காரணம் ஜம்மா. ஜப்பான் தயாரிப்பாளர் சங்கம் 1985-ல் கொண்டுவந்த 56 முனை இணைப்பு அது. அதன் பிறகு பெட்டி பொது, போர்டை மட்டும் உருவி மாற்றினால் ஆட்டம் மாறிவிடும். சித்தப்பாவின் பெட்டி இப்படித்தான் பிறந்தது. பெட்டி நம்ம ஊர் ஆசாரி அடித்தது, போர்டு மட்டும் வெளியிலிருந்து வந்தது. பக்கவாட்டில் சைன்போர்டு எழுதுகிறவர் எனாமல் பெயிண்டில் வரைந்த முஸ்தபா, மஞ்சள் தொப்பியோடு. கொஞ்சம் அஜித் ஜாடை இருக்கும்.

முஸ்தபா தெரியும்தானே? நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்', 1993, கேப்காம். மார்க் ஷூல்ட்ஸ் வரைந்த அமெரிக்க காமிக்ஸிலிருந்து எடுத்தது. நான்கு ஆட்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. நம் நாட்டில் ஆட்டத்துக்கே அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜாக் டென்ரெக் தான் ஹீரோ என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "யார்ரா அவன்?" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். போர்டில் கேப்காம் பெயரே இல்லை. போலி! அசலில் க்யூசவுண்ட் என்ற ஒலி முறை உண்டு. போலி போர்டுகளில் அது இல்லாமல் மலிவான சிப்பை வைத்துத் தள்ளிவிடுவார்கள். பழசைக் காப்பாற்றணும் என்ற ஸ்ரீரங்கத்துக்காரன் தலையைச் சொறிந்தான். 'எங்களிடம்தான் போர்டு இருக்கிறதே, அதனால் ஆட்டத்தின் நகலை வைத்துக்கொள்ளலாம்' என்று நியாயம் பேசவும் வழியில்லை. போர்டே திருட்டு. கேப்காம் 2018-ல் தன் பழைய அடிதடி ஆட்டங்களைத் தொகுத்து விற்றபோது அதில் முஸ்தபா இல்லை. வாங்கவும் வழியில்லை.

மேம் என்ற எமுலேட்டரை 1997-ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா ஆரம்பித்தார். பழைய போர்டுகளின் நடத்தையை அப்படியே பதிவு செய்வது அதன் நோக்கம். அசலுக்குப் பக்கத்திலேயே போலி போர்டுகளையும் அது தனித்தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது.

சரி, ராஸ்பெர்ரி பையில் அசல் முஸ்தபாவையே ஓட்டினோம். (தப்புதான், மேலே ஒத்துக்கொண்டாச்சு.) தொடக்கத் திரையில் 'காசு போடவும்' என்று தமிழில் வருகிற மாதிரி சின்ன நிரல் எழுதினோம். புது ஸ்பீக்கர், க்யூசவுண்ட், வீடே அதிர்ந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தோம். அரை நிமிஷம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சத்தம் இது இல்லையே."

"சித்தப்பா, இதுதாங்க ஒரிஜினல் சத்தம்."

"இருக்கட்டும். என் கடையில வந்தது இது இல்ல."

ஏழு வருஷம் காலையிலிருந்து ராத்திரி வரை போலி சிப் போட்ட சத்தத்தைக் கேட்டவர் அவர். அவருக்கு அதுதான் முஸ்தபா. எங்களுக்குள் நடந்த அசலா புதுசா சண்டையில் இந்த மூன்றாவது கட்சியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போதைய நிலவரம்: இடது பக்கத்து எனாமல் முஸ்தபாவைத் தொடவில்லை, துணியால் துடைத்ததோடு சரி. வலது பக்கம் கரையான் அரித்திருந்ததால் புதுப் பலகை, அதில் நாங்கள் வரைந்த படம். பழைய போர்டைத் தூக்கிப் போடவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான், செத்துப்போன கெப்பாஸிட்டர்களை மாற்றி அந்தச் சத்தத்தை மட்டுமாவது மீட்க முடியுமா என்று பார்க்க. ஊறுகாய் ஜாடி தற்காலிகமாக ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. சித்திக்கு அதில் சம்மதம் இல்லை.