உதுமானியரின் முதல் மஜ்லிஸ்

நாடாளுமன்றம் என்றதும் நம் நினைவு இலண்டனுக்கே செல்கிறது. 1877 மார்ச் 19 அன்று இஸ்தன்பூலிலும் ஒரு மக்களவை கூடிற்று. மஜ்லிஸே மப்ஊஸான் என்பது அதன் பெயர். ‘பஅஸ’ என்னும் அரபு வினைக்கு ‘அனுப்பினான்’ என்பது பொருள். ஆகவே, அனுப்பப்பட்டோர் அவை. முஸ்லிம்களும் கிறித்தவரும் யூதரும் அதில் உறுப்பினராய் அமர்ந்தனர்.

1876 டிசம்பர் 23-ல் பிரகடனமான அரசியற்சட்டமே இதற்கு வழிவகுத்தது. அதற்காகப் பெரிதும் உழைத்தவர் தலைமை அமைச்சர் மித்ஹத் பாஷா. அரசுக்கு ஆபத்தானவர் எனக் கருதப்படுவோரை நாடு கடத்தும் உரிமையை அதன் 113-ஆம் பிரிவு சுல்தானுக்கு அளித்திருந்தது. அவை கூடுமுன்பே, 1877 பிப்ரவரியில், அப்பிரிவின்படி வெளியேற்றப்பட்டவர் அந்த மித்ஹத் பாஷாவே!

நாடாளுமன்ற ஆட்சியின் உயிர்நாடி எது? அமைச்சர்கள் அவைக்குப் பதில் சொல்வதும், அதன் நம்பிக்கையை இழந்தால் பதவி விலகுவதுமேயாம். இங்கோ அமைச்சரை அமர்த்தியவரும் நீக்கியவரும் சுல்தான். உறுப்பினர்கள் துணிந்து வினவினர். அமைச்சரை விலக்கும் வலிமை அவர்களிடம் இல்லை. ருஷ்யப் படை தலைநகரை நெருங்கிய வேளையில்தான் சுல்தான் அப்துல் ஹமீது அவர்களிடம் ஆலோசனை கேட்டார். காலங்கடந்து கேட்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார் ஓர் உறுப்பினர். அவர் ஒரு கைவினைஞர் சங்கத் தலைவர். மறுநாளே, 1878 பிப்ரவரி 14-ல், அவை மூடப்பட்டது.

சட்டம் நீக்கப்படவில்லை. முப்பதாண்டுகள் அது ஏட்டில் இருந்தது, அவைதான் கூடவில்லை. 1908-ல் அவை மீண்டும் கூடிற்று. அமைச்சர்களை அதற்குப் பொறுப்பாளிகளாக்கியது 1909-ஆம் ஆண்டின் திருத்தம். 113-ஆம் பிரிவின் நாடுகடத்தும் உரிமையும் அப்பொழுதுதான் நீங்கியது.